வாடகை விளம்பரத்தில் என்ன எழுதினால் நல்ல குடித்தனக்காரர் வருவார்?

மே 4, 2024

சென்னை கீழ்க்கட்டளை வாசகர் ஒருவர் கேட்டது: "மாடி போர்ஷன் காலி. '2 பிஎச்கே, கிழக்கு பார்த்த வாசல், நல்ல காற்றோட்டம், ஃபேமிலி மட்டும்' என்று போட்டேன். போன் ஓயவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறிப் பார்த்துவிட்டு, கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். என்ன எழுதினாலும் வருகிறவர்கள்தான் வருவார்கள், நல்ல குடித்தனக்காரர் அமைவது அதிர்ஷ்டம் என்கிறான் என் தம்பி. சரிதானா?"

தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. கார் நிறுத்த இடம் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமையும்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். அதற்கு முன் மேற்கு மாம்பலத்திலும் வேளச்சேரியிலும் நான் வாடகைக்குக் குடியிருந்தவள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவு. வீடு தேடுகிறவருக்குப் போனை எடுக்கும் முன்பே மனதில் நான்கு கேள்விகள் ஓடுகின்றன. மாதம் மொத்தம் எவ்வளவு போகும்? தண்ணீர் எப்படி? அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்பி வருமா? வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்? இந்த நான்குக்கும் விளம்பரத்திலேயே பதில் இருந்தால் கணக்குப் பார்த்து வாழ்கிற ஆள் கூப்பிடுவார். எதற்கும் பதில் இல்லையென்றால் எல்லாரும் கூப்பிடுவார்கள். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான்.

கிழக்கு பார்த்த வாசல் இருக்கட்டும். அதை நிஜமாகவே கேட்கிறார்கள். 'நல்ல காற்றோட்டம்' என்பதை எடுத்துவிட்டு, எந்த அறையில் எந்தப் பக்கம் ஜன்னல் என்று எழுதுங்கள்.

மே 5, 2024

பணம் பற்றித் தனியாக. 'வாடகை 15,000 + மெயின்டனன்ஸ்' என்று பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த '+' குறிக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று குடியிருந்தவர்களுக்குத் தெரியும். லாரித் தண்ணீர் பங்கு, மோட்டார் கரண்ட், மாடிப்படி விளக்கு, செப்டிக் டேங்க் லாரி, வாசல் பெருக்குகிற அம்மாவுக்குக் கொடுப்பது. மொத்தத்தை ஒரே எண்ணாக எழுதிவிடுங்கள். மாதா மாதம் மாறுகிற செலவு ஏதாவது இருந்தால் கோடையில் இவ்வளவு, மழைக்காலத்தில் இவ்வளவு என்று இரண்டு எண்களாக எழுதுங்கள்.

மின்சாரம் இன்னும் முக்கியம். வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் இருந்தால் அந்த 100 யூனிட்டும் ஒருமுறைதான் கிடைக்கும், அதிக யூனிட் விலையும் சீக்கிரம் வந்துவிடும். அதைச் சமாளிக்கத்தான் வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப்-மீட்டர் வைத்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வாங்குகிறார்கள். குடியிருப்பவருக்கோ, தான் ஏமாற்றப்படுகிறோம் என்ற எண்ணம் முதல் பில்லிலேயே விழுந்துவிடும். தனி இணைப்பு இருந்தால் 'தனி மீட்டர், வாரியத்துக்கு நீங்களே கட்டலாம்' என்று மேலேயே போடுங்கள். சப்-மீட்டர் என்றால் என்ன விலை, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி. அதை எழுதக் கூச்சமாக இருந்தால் விலையைக் குறைக்க வேண்டும்.

மே 9, 2024

இங்கே மூன்று பேர் ஒரே கேள்வி: தண்ணீர் பற்றி எவ்வளவு எழுதுவது?

எவ்வளவு தெரியுமோ அவ்வளவும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அந்த வருடம் வாடகைக்கு இருந்தவர்கள் அதை மறக்கவில்லை. அன்று நான் வேளச்சேரியில். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ஆபீஸுக்கு லீவு போட்டவர்கள் எங்கள் மாடிப்படியிலேயே இருந்தார்கள். 'தண்ணீர் பிரச்சினை இல்லை' என்ற வரியை அதற்கு அப்புறம் நான் நம்புவதே இல்லை.

இப்படி எழுதலாம்: மெட்ரோ வாட்டர் வீட்டுக்குள் குழாயில் வருகிறதா, கீழே அடிபம்பிலா, சம்ப்பிலா. எந்த நேரத்தில், தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா. போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா. தண்ணீர் உப்பா, மஞ்சளா, துணி கறை பிடிக்குமா. குடிக்க கேன் வாங்குகிறீர்களா. போன கோடையில் லாரி வாங்கினீர்களா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று எழுதுகிற வீட்டுக்காரரை நானாக இருந்தால் முதலில் கூப்பிடுவேன். மீதி எல்லாம் உண்மையாகத்தான் சொல்லியிருப்பார்.

மே 11, 2024

'மாடிவீடு' என்ற பெயரில் எழுதும் வாசகர் கேட்கிறார்: போர் தண்ணீர் உப்பு என்று எழுதினால் வாடகையைக் குறைக்கச் சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள் சார். நீங்கள் எழுதாவிட்டாலும் வந்து குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அதுவும் தெரியாமல் குடிவந்தவர், தலைமுடி கொட்டுகிறது என்று ஆறாவது மாதம் காலி செய்வார். அப்போது மறுபடி பெயின்ட், மறுபடி புரோக்கர், மறுபடி காலியாகக் கிடக்கும் நாட்கள்.

இதோடு ஒட்டிய கணக்கு ஒன்று. தெருவில் 19,000 போகிற வீட்டுக்கு 20,500 வேண்டும் என்று இரண்டு மாதம் பிடிவாதமாகக் காத்திருந்தால் இழப்பு 38,000. கூடுதலாக வரப்போவது வருடத்துக்கு 18,000. இரண்டு வருடம் அவர் இருந்தாலும் கைநட்டம்தான். பேராசை என்று சொல்லவில்லை. கடன் வாங்கி மாடி கட்டியவர்களுக்கு ஒவ்வொரு ஆயிரமும் முக்கியம், எங்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

மே 19, 2024

நிறையப் பேர் கேட்டதால் எங்கள் விளம்பரத்தை அப்படியே ஒட்டுகிறேன். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நங்கநல்லூர். பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்கு நடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். தனி வீட்டின் முதல் மாடி. கீழே நாங்கள் இருக்கிறோம். 2 படுக்கையறை, ஹால், சமையலறை. வீட்டுக்குள் அளவு 850 சதுர அடி. ஒரு இந்தியன், ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை. லிஃப்ட் இல்லை, படி கொஞ்சம் செங்குத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். வாசல் கிழக்கு. பெரிய படுக்கையறை மேற்கு பார்த்தது, ஏப்ரல் மே மாலையில் சுடும். சமையலறையில் சிம்னி இல்லை, எக்ஸாஸ்ட் உண்டு. இரண்டு அறையிலும் ஏசிக்கு பாயின்ட் உண்டு, ஏசி இல்லை. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின் பால்கனியில் குழாய் உண்டு.

வாடகை 19,000. தண்ணீர், மோட்டார், பொது விளக்கு எல்லாம் சேர்த்து 700. மாதம் மொத்தம் 19,700, வேறு எதுவும் கிடையாது. மின்சாரம் தனி மீட்டர். மெட்ரோ வாட்டர் காலையில் கீழே சம்ப்பில் பிடித்து மாடி டேங்குக்கு ஏற்றுகிறோம். மற்றதற்கு போர், கொஞ்சம் உப்பு. போன கோடையில் லாரி வாங்கவில்லை. 2019-ல் இந்த வீட்டுக்கு லாரி வாங்க வேண்டியிருந்தது.

டூவீலர் இரண்டு உள்ளே நிறுத்தலாம். கார் நிறுத்த இடம் இல்லை. விமானச் சத்தம் உண்டு, முதல் வாரம் தெரியும். பெருமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் போக வேண்டும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை.

அட்வான்ஸ் மூன்று மாதம், 57,000. வங்கி வழியாக மட்டும். காலி செய்து சாவி கொடுத்து, இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்த ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருவோம். பெயின்டுக்குப் பிடித்தம் இல்லை. ஒப்பந்தம் எழுதி, வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வோம். வாடகை ரசீதும் பான் எண்ணும் தருவோம். ஐந்து பேர் வரை வசதியாக இருக்கலாம். யார் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. இரவு பத்துக்கு மேல் சத்தம் வேண்டாம், மாடிக் கதவு பதினொன்றுக்குப் பூட்டுவோம், சாவி உங்களிடமும் இருக்கும்."

இவ்வளவுதான். போட்டோ பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மே 20, 2024

'இவ்வளவு நீளத்தை யார் படிப்பார்கள்?' என்று ஒருவர். மாதம் பத்தொன்பதாயிரம் கொடுத்து இரண்டு மூன்று வருடம் இருக்கப்போகிறவர் படிப்பார். படிக்காதவரையும் முதல் போனிலேயே தெரிந்துவிடும், "கார் பார்க்கிங் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பான் எண் ஏன் என்று இன்னொருவர். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கிற சம்பளக்காரர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மாடிக்கு வருடம் 2,28,000. 'ரசீது தருகிறேன், பான் மட்டும் கேட்காதீர்கள்' என்கிற வீட்டுக்காரரால் அவருக்கு அந்தச் சலுகை போய்விடும். நிரந்தர வேலையில் இருந்து ஒழுங்காக வாடகை தரக்கூடியவர்களை இழுக்க இந்த ஒரு வரியை விடச் சிறந்தது நான் பார்த்ததில்லை. அப்படிக் கொடுத்தால் வாடகை வருமானத்தை நாமும் கணக்கில் காட்ட வேண்டும். காட்டத்தானே வேண்டும்.

'படிக்கட்டு செங்குத்துன்னு எழுதின வீட்டுக்காரியை இப்பத்தான் பாக்கறேன், பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணு குறட்டை விடும்னு சொல்ற மாதிரி இருக்கு' என்று எழுதிய நண்பருக்கு: வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் சொல்லிவிட்டால் கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை இல்லை பாருங்கள்.

ஜூன் 2, 2024

'யார் என்பது முக்கியமில்லை' என்ற வரிக்கு வந்த பதில்களைப் பார்த்தேன். சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். 'பேச்சிலர் கிடையாது', 'வெஜ் மட்டும்' என்று போடுவது எங்கள் உரிமை, எங்கள் வீடு, என்று.

மேற்கு மாம்பலத்தில் வீடு தேடியபோது போனிலேயே கேட்பார்கள்: "சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" எதற்காகச் சுற்றி வளைக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பதில் சொல்லச் சொல்லக் குரல் மாறும். "வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன்" என்பார்கள். என் தோழி ஒருத்தி, பெயரைச் சொன்னதுமே போனை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அவள் கடைசியில் எங்கே குடியேறினாளோ அங்கே எட்டு வருடம் இருந்தாள், ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை. முதலில் போனை வைத்தவர்கள் எல்லாம் இழந்தது அப்படி ஒரு குடித்தனக்காரரை.

நல்ல குடித்தனக்காரர் என்று நாம் எதைச் சொல்கிறோம்? வாடகை நேரத்துக்கு வருவது, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது, அக்கம்பக்கத்தோடு தகராறு இல்லாமல் இருப்பது, குழாய் ஒழுகினால் சுவர் ஊறும் வரை விடாமல் அன்றே சொல்வது. இதில் எதுவும் ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எந்தக் கோயிலுக்குப் போகிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதில் தெரியாது. எங்கள் மாடியில் இருந்தவர்களிலேயே வீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தவர்கள் விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்த மூன்று பையன்கள். மீன் வறுத்தார்கள். வறுத்த நாளில் எங்களுக்கும் ஒரு தட்டு கீழே வந்தது.

ஆளைப் பற்றி எழுதாமல் நடப்பைப் பற்றி எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, மொட்டைமாடி யாருக்கு. இவை எல்லாரும் கேட்டு ஒப்புக்கொள்ளக்கூடியவை, மீறினால் எடுத்துச் சொல்லக்கூடியவை.

ஜூன் 3, 2024

நேற்று எழுதியதை இன்று மறுபடி படித்தேன். ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் வயதான அம்மா தனியாக இருக்கிறார், கருவாட்டு வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, மாடிச் சமையலறை ஜன்னல் அவர் அறைக்கு நேர் மேலே என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அது வேறு. அவருக்கு என் யோசனை: 'வெஜ் மட்டும்' என்று போடாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'கீழே என் அம்மா இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல், சமையலறை ஜன்னல் அவர் அறைக்கு நேர் மேலே. கடுமையான வாசனை அவருக்கு மூச்சுத் திணறல் தரும்.' இதைப் படித்துவிட்டு வருகிறவர் அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு வருவார். எக்ஸாஸ்டை வேறு பக்கம் திருப்பி வைக்கவும் முடியும், எலெக்ட்ரீஷியன் அரைநாளில் முடித்துத் தருவார்.

ஜூன் 16, 2024

போட்டோ. சாமான் எல்லாம் எடுத்து, பெருக்கித் துடைத்துவிட்டு, காலை பத்து மணி வாக்கில் ஜன்னலைத் திறந்து வைத்து எடுங்கள். அறையைப் பெரிதாகக் காட்டுகிற வைட் லென்ஸ் வேண்டாம், வந்து பார்ப்பவருக்கு ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். ஹாலை நான்கு விதமாக எடுத்துவிட்டுக் கழிப்பறையை விட்டுவிடுகிறார்கள். பெண்கள் முதலில் பார்ப்பது சமையலறைத் தொட்டியையும் கழிப்பறையையும்தான். மீட்டர் பெட்டி, டூவீலர் நிறுத்தும் இடம், தெருவிலிருந்து வாசல் வரை ஒரு படம். முடிந்தால் கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை நிறுத்தாமல் நடந்து ஒரு வீடியோ, நடுவில் ஒரு குழாயைத் திறந்து காட்டுங்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் அந்த வீடியோவை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கதவு எண், மீட்டரின் இணைப்பு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அவசரமாக. போன் நம்பரோடு விளம்பரம் போட்டவுடன் முதலில் வருகிற அழைப்புகளில் மோசடிக்காரர் ஒருவர் இருப்பார். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன்' அல்லது 'மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, சென்னை விமான நிலையத்துக்கு மாற்றல்' என்பார். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து மரியாதையாகப் பேசுவார். வீட்டைப் பார்க்க வேண்டாம், பிடித்துவிட்டது, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன் என்பார். அடையாள அட்டைப் படம் வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு, 'இதை ஸ்கேன் செய்தால் பணம் உங்கள் கணக்குக்கு வரும்' என்று. ஸ்கேன் செய்து நம் ரகசிய 'பின்' நம்பரைப் போட்டால் நம் பணம்தான் போகும். பணம் வாங்குவதற்கு நாம் பின் போடத் தேவையே இல்லை, இதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்தில் விமான நிலையமும் அந்தப் படையும் நிஜமாகவே இருப்பதால் கதை இன்னும் பொருத்தமாகத் தெரியும். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பணத்தை இழந்தார். அப்படி நடந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் குற்ற உதவி எண்.

ஜூலை 20, 2024

கீழ்க்கட்டளைக்காரர் திரும்பி வந்திருக்கிறார். விளம்பரத்தை மாற்றி எழுதினாராம், அழைப்பு ரொம்பக் குறைந்துவிட்டதாம், பயமாக இருக்கிறதாம்.

சார், ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? மார்கழியிலும் இப்படித்தான். இந்த நம்பிக்கை இல்லாதவர்கள் உண்டு, மாற்றலாகி வருகிற வெளிமாநிலத்துக்காரர்கள் உண்டு, ஆனால் குறைவு. நம் ஊரில் வீடு அதிகம் கைமாறுவது பள்ளி திறப்பதற்கு முன், ஏப்ரல் மே மாதங்களில். அடுத்து ஆவணி. இப்போது பயந்துகொண்டு வாடகையைக் குறைக்காதீர்கள். ஆடி முழுவதும் பார்த்துவிட்டு ஆவணியில் குடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஆவணி முதல் தேதியில் குடிவரலாம், இப்போதே பேசி முடிக்கலாம்' என்று விளம்பரத்தில் ஒரு வரி சேருங்கள். இந்த நாட்களில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்து பெயின்டை முடித்துவிடலாம்.

இணையத்தை மட்டும் நம்ப வேண்டாம். வாசலில் டூ-லெட் போர்டு தொங்கட்டும். இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடை அண்ணாச்சி, பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன், மூவருக்கும் சொல்லி வையுங்கள். அவர்கள் அனுப்புகிற ஆளை அவர்களுக்குத் தெரிந்திருக்கும், உங்களையும் தெரியும். அவர்களிடமும் விளம்பரத்தின் ஒரு பிரிண்டைக் கொடுங்கள், வாய்வார்த்தையில் பாதி மாறிவிடுகிறது.

ஆகஸ்ட் 18, 2024

அட்வான்ஸ் விவாதம் சூடாகிவிட்டது. 'பத்து மாத அட்வான்ஸ் சென்னை வழக்கம், மூன்று மாதம் வாங்கினால் வாடகை தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்கிறார்கள்.

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் சொல்கிறது. 'ஆனால் நம் சட்டத்தில் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று இருக்கிறதே' என்று ஒரு வழக்கறிஞர் வாசகர் இங்கே சரியாக எடுத்துக்காட்டினார். நன்றி. அதனால் ஐந்து மாதம் வாங்குகிறவர்களைக் குற்றவாளி என்று யாரும் திட்ட வேண்டாம். பேசி ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆதங்கம் தொகையில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து காலி செய்தபோது, அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பெயின்டுக்கு, இன்னும் கொஞ்சம் 'சுத்தம் செய்ய' என்று கழித்துக்கொண்டு மீதியைத் தவணையில் கொடுத்தார் அந்த வீட்டுக்காரர். புது வீட்டு அட்வான்ஸுக்கு நகையை அடகு வைத்தோம். இப்படி அடிபட்டவர்கள்தான் இந்த ஊரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். 'பெயின்டுக்குப் பிடித்தம் இல்லை, ஒரு வாரத்தில் திரும்பத் தருவோம்' என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்று எங்கள் இப்போதைய குடித்தனக்காரர் சொன்னார். அதே சட்டத்தின் அட்டவணையிலும் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் பிரித்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், கழிப்பறை ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள், பாதிச் சண்டை எழாது.

இழுத்தடித்தால் என்ன என்பதற்கு: பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர்களும் இழுத்தடிக்கப்பட்டிருக்கிறார்கள். 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று பத்து மாதம் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மருந்து எழுத்தில் ஒப்பந்தம், பதிவு, முதல் மாதம் தவறியதுமே எழுத்தில் நினைவூட்டல். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று இன்னும் நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலக விஷயத்தில் அப்படி இருக்கலாம். வாடகை அதிகாரியிடம் பதிவு என்பது தனி, எத்தனை மாதமானாலும் உண்டு, இணையத்திலேயே செய்யலாம்.

அக்டோபர் 16, 2024

நேற்று மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்கிற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். போன டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் துணிந்து காரை வீட்டில் விடுவதில்லை.

வீடு காலியாக வைத்திருப்பவர்கள் இன்று போய்த் தெருவைப் போட்டோ எடுங்கள். தண்ணீர் நின்றால் எவ்வளவு நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது, கழிப்பறையில் எதிர்த்து வருகிறதா, கரண்ட் எப்போது போனது. மே மாத விளம்பரத்திலும் அந்தப் படத்தைப் போடலாம். தண்ணீர் நிற்காத தெரு என்றால் அதை விடப் பெரிய விளம்பரம் கிடையாது. நின்றால், தரைத்தளத்துக்கு வாடகையை அதற்குத் தகுந்தபடி வைத்துச் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையும் படுத்த படுக்கையான பெரியவரும் உள்ள குடும்பத்தைச் சொல்லாமல் அங்கே வைப்பது பாவம். 2015-ல் அப்படிப்பட்ட குடும்பங்களைப் படகில் ஏற்றினார்கள்.

நவம்பர் 3, 2024

கீழ்க்கட்டளையில் ஆள் வந்துவிட்டார். ஆவணியில் பார்த்து, ஐப்பசியில் குடிவந்தார்களாம். கணவன், மனைவி, மனைவியின் அப்பா. கார் இல்லை. மகிழ்ச்சி சார்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி மற்றவர்களுக்கும் உதவும்: பிடித்திருக்கிறது என்று இரண்டு குடும்பம் சொன்னால் யாருக்குக் கொடுப்பது? நாங்கள் முதலில் கேட்டவருக்கு என்று வைத்திருக்கிறோம். ஒருவர் டோக்கன் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் ஆயிரம் கூடத் தருகிறேன் என்று யார் வந்தாலும் பேசுவதில்லை. போனில் நான் கேட்பது: எப்போது குடிவர வேண்டும், எத்தனை பேர், இப்போதைய வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேசலாமா. கடைசிக் கேள்விக்கு உடனே நம்பரைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிம்மதியான ஆட்கள். தயங்கினால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம், அட்வான்ஸ் கைக்கு வராமல் அந்த வீட்டுக்காரரைப் பகைக்க முடியாத நிலையில் இருப்பார். அப்போது ஆபீஸ் அடையாள அட்டையும் சில மாத வாடகை போன வங்கிக் கணக்கு விவரமும் போதும். அவர்களும் நம்மைப் பற்றி முன்னால் இருந்தவரிடம் கேட்கலாம், எங்கள் பழைய குடித்தனக்காரரின் சம்மதத்தோடு அவர் நம்பரை நாங்களே கொடுக்கிறோம். காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய வாடகைதாரர் விவரப் படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பிவிடுங்கள்.

சாவி கொடுத்த அன்றே எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், போர்டையும் கழற்றுங்கள். போன வீட்டை இன்னும் போட்டு வைத்திருப்பதால் வெயிலில் அலைகிறவர்கள் எத்தனையோ பேர். எழுதிய வாசகத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதையே எடுத்து, சொன்னதெல்லாம் நடந்ததா என்று குடியிருப்பவரோடு உட்கார்ந்து சரிபார்க்கலாம். எங்கள் வீட்டில் இந்த வருடம் அப்படிப் பார்த்தபோது, மேற்கு அறை சுடும் என்று எழுதியது போதாது, ஜூன் வரை சுடுகிறது என்றார் எங்கள் குடித்தனக்காரர். மொட்டைமாடியில் அந்த அறைக்கு மேல் வெள்ளை ஓடு பதிக்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பதித்தவர்கள் யாராவது இருந்தால் சதுர அடிக்கு எவ்வளவு ஆனது, மழையில் ஓரம் ஒழுகுகிறதா என்று எழுதுங்கள்.